முன்னால் வந்த வண்டி

கள்ளிமேட்டூருக்குச் சுகாதாரத் துறை கொடுத்த ஆம்புலன்ஸ், வந்த முதல் மாதத்திலேயே, விபத்துக்கு முன்னால் வந்து நிற்கிற பழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. அது முதன்முதலில் அப்படி நின்றது பனையேறி தங்கக்கண் வீட்டு வாசலில். டிரைவர் ஜெபக்கனி பின்கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தபோது, மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்க வேண்டிய தங்கக்கண் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். போனில் கதறி அழுத அவர் மனைவி செல்லக்கிளி, ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ அக்கா, நீங்கதான போன் போட்டிய? மாமா மரத்துலருந்து விழுந்துட்டாருன்னு?"

"நான் எங்கடே போட்டேன்? என் போனு நேத்துலருந்து சார்ஜ் இல்லாம செத்துக் கெடக்கு."

"உங்க குரல்தாங்கா. மாமா பேரைச் சொல்லிச் சொல்லி அழுதிய."

செல்லக்கிளி புருசனைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள், வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஏற வேண்டாம்" என்றாள். தங்கக்கண்ணும் ஏறவில்லை. சாயங்காலம் சும்மா இருக்கிற கையோடு, காலில் மாட்டிப் பனையேறுகிற தளைநாரை எடுத்து இழுத்துப் பார்த்தார். வாழைநார் மாதிரி அது அறுந்து கையோடு வந்தது.

இப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஜெபக்கனியின் போன் அடிக்கும், யாரோ ஒருவர் தன் சொந்தக் குரலில் இன்னும் நடக்காத ஒன்றைச் சொல்லி அழுவார், ஜெபக்கனி வண்டியை எடுப்பான், வண்டி போய் நிற்கும், அழுதவர் அங்கே சிரித்துக்கொண்டிருப்பார். இது எதனால் என்று இரண்டு நாள் பேசினார்கள். சர்ச் பக்கத்தில் ஒரு காரணமும், பள்ளிவாசல் தெருவில் ஒரு காரணமும், அம்மன் கோயில் பக்கத்தில் மூன்று காரணங்களும் சொன்னார்கள். மூன்றாம் நாள் எல்லோருக்கும் வேலை இருந்தது. அதோடு காரணம் தேடுவதை ஊர் விட்டுவிட்டது.

விட்டுவிட்டு, வண்டியோடு வாழப் பழகியது. வண்டி ஒரு வீட்டு முன்னால் நின்றால் அந்தத் தெரு பதறாது. ஒருத்தி ஜெபக்கனிக்கு டீ போடுவாள், ஒருத்தன் போய் கேஸ் சிலிண்டரை மூடுவான், இன்னொருத்தன் கிணற்றின் மேல் பலகையை இழுத்துப் போடுவான், வீட்டிலிருக்கும் கிழவரை எழுந்திருக்க விடாமல் பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், பாம்பு இருக்கிறதா என்று விறகை ஒவ்வொரு கட்டையாகப் புரட்டுவார்கள், ஒருநாள் நிஜமாகவே இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள், மாப்பிள்ளைக்குக் குடி உண்டா என்று கேட்பதோடு, வீட்டு முன்னால் வண்டி எத்தனை தடவை நின்றது என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஹெல்மெட்டைத் தேங்காய் போடுகிற கூடையாக வைத்திருந்தவர்கள், வண்டி பின்னாலேயே வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும் தேங்காயைக் கொட்டிவிட்டுத் தலையில் மாட்டினார்கள்.

இதில் கைநிறைய லாபம் கண்டது நர்ஸ் மெகருன்னிசா. தீக்காயத்துக்கு என்ன செய்வது, பாம்பு கடித்தால் என்ன செய்யக் கூடாது, நெஞ்சு வலித்தால் எப்படிப் படுக்க வைப்பது என்று அவள் வாரா வாரம் பள்ளிக்கூடத்தில் நடத்திய பாதுகாப்பு வகுப்புக்கு அதுவரை வந்தது சுண்டலுக்காக வந்த கூட்டம். இப்போது வண்டி நின்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். எது வரப்போகிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் படித்தார்கள். கள்ளுக்கு ஏங்கித் திரிந்த இசக்கிகூட ரத்தப்போக்கை நிறுத்தக் கட்டுப்போடுவதில் கெட்டிக்காரனாகிவிட்டான். கட்டுப்போடத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் தெருமுனை டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் தோழர் மாசானம். செங்கல் சூளையில் மண் மிதித்து, துண்டறிக்கையில் எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு அதே துண்டறிக்கைகளை எழுதுகிற அளவுக்கு வந்தவர். தன் முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து சூளைத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். இந்த ஆம்புலன்சைக் கேட்டுக் கேட்டு அவர் தொண்டை போயிருந்தது. மனு கொடுத்தார், மறியல் செய்தார், உண்ணாவிரதம் இருந்தார், உண்ணாவிரதப் பந்தலில் மயங்கி விழுந்தபோது தூக்கிப்போக ஆம்புலன்ஸ் இல்லை என்பதை மயக்கம் தெளிந்ததும் ஒரு கோஷமாகச் சொன்னார். அவர் தம்பி சிவனணைந்தான் மேல் சூளைச் சுவர் சரிந்தபோது, லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள்; ரயில்வே கேட் மூடியிருந்ததால் அவன் கேட்டடியிலேயே முடிந்துபோனான். அன்று அந்தக் கேட்டடியில் மாசானம் போட்ட சத்தம்தான் பிறகு அத்தனை வருடமும் வேறு வேறு ஊர்வலங்களில் கேட்டது.

வண்டி வந்த நாளில் மாசானம் விழாவில் இல்லை. கறுப்புக்கொடி காட்டுவார் என்று சந்தேகப்பட்டு அவரை முந்தின நாளே முன்னெச்சரிக்கையாகக் கைது செய்திருந்தார்கள். தான் வாங்கிக் கொடுத்த வண்டியை அவர் முதன்முதலில் பார்த்தது போலீஸ் வேனின் கம்பி வழியாக. கல்வெட்டில் திறந்துவைத்தவர் பேர் இருந்தது, முன்னிலை வகித்தவர் பேர் இருந்தது, கல்லைப் பொளிந்தவர் பேர்கூட ஓரத்தில் இருந்தது.

"போலீஸ்காரன் நாம ஒண்ணு செய்யதுக்கு முன்னால வந்து புடிக்கான். வண்டி நமக்கு ஒண்ணு ஆவதுக்கு முன்னால வந்து நிக்கி," என்பார். "இந்த அரசாங்கத்துல எதுவுமே நேரத்துக்கு வராது போலிருக்கு."

ஆனால் அவரும் உள்ளுக்குள் சிரித்த நாள் ஒன்று உண்டு. தம்பியை விழுங்கிய அதே சூளை வாசலில் வண்டி போய் நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த ஆட்கள் மண்கூடையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். முதலாளி ஜெபக்கனியைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, நிழலா நல்ல எடம் இருக்கு, அங்கன நிறுத்திக்கிடேன்" என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் சுவருக்கு முட்டுக் கொடுத்து, அடுக்கின் உயரத்தைக் குறைத்து, ஆட்களுக்குத் தொப்பி வாங்கிப் போட்ட பிறகுதான் வண்டி கிளம்பிப் போனது. ஒரு தலைமுறையாகச் சங்கம் கத்தியும் நடக்காததை நான்கு சக்கரமும் ஒரு விளக்கும் ஒன்றும் பேசாமல் நடத்திவிட்டன. மாசானத்துக்கு அதில் சந்தோஷமும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது; இரண்டையும் ஒரே டீயில் குடித்தார்.

இப்படியே வருடம் திரும்பியது. கள்ளிமேட்டூரில் யாரும் விழவில்லை, யாரும் வேகவில்லை, யாரையும் லாரி தட்டவில்லை. யாருக்காவது நெஞ்சுவலி என்று போன் வந்தால் அவர் முந்தியே பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றார். இன்னும் எதுவும் ஆகாதவரை ஆம்புலன்சில் ஏற்றக் கூடாது என்பது துறையின் விதி. பிரசவத்துக்கு வேறு வண்டி, வேறு கணக்கு. ஆகவே மாவட்ட அலுவலகத்தில், கள்ளிமேட்டூர் ஆம்புலன்ஸ் ஏற்றிய நோயாளிகள் என்ற இடத்தில் ஒரு சைபர் உட்கார்ந்திருந்தது. சைபரைப் பார்த்த அலுவலகம், வண்டியை எடுத்து அடிபடுகிற ஊர் எதற்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தது.

செய்தி வந்த காலையில் டீக்கடையே சங்க அலுவலகமாகிவிட்டது.

"ஒரே ஒரு கேஸ் காட்டினாப் போதும்லா அண்ணாச்சி?" என்றான் இசக்கி. "என் காலை ஒடிச்சிக்கிடுதேன். சும்மாதான கெடக்கு."

சொன்னபடி தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதிவரை ஏறவும் செய்தான். ஊரே அண்ணாந்து பார்த்தது. வண்டி வரவில்லை. மேலே நின்று வெகுநேரம் தெருவைப் பார்த்தவன், "அப்ப நான் விழப்போறதில்ல" என்று சொல்லி இறங்கி வந்து மிச்ச டீயைக் குடித்தான்.

"மறியல்தான்," என்றார் மாசானம். "வண்டி ஊரைத் தாண்டக் கூடாது. ரோட்டுல உக்காருவோம்."

அதிகாரி திருவேங்கடம் மறுநாள் ஜீப்பில் வந்தார். கெட்ட மனிதர் இல்லை; கெட்டவராக இருந்திருந்தால் மாசானத்துக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். வணக்கம் சொன்னார், கொடுத்த டீயைக் குடித்தார், வெயிலில் நின்றே பேசினார்.

"உங்க உணர்வு எனக்குப் புரியுது. ஆனா வண்டி வேலை செஞ்சிருந்தா நோயாளி இருந்திருக்கணுமே?"

"வேலை செஞ்சதாலதான் ஐயா இல்ல."

"அதுக்கு ஆதாரம்?"

மாசானம் ஊரைக் காட்டினார். ஊர் ரெண்டு காலில் நின்றது. தங்கக்கண் ஒடியாத இடுப்பைத் திருப்பிக் காட்டினார். செல்லக்கிளியின் மருமகள் வேகாத கையை நீட்டினாள். சூளை ஆட்கள் நசுங்காத தலைகளைச் சொறிந்தார்கள்.

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் இருக்காங்க," என்றார் திருவேங்கடம்.

ஆயிரம் துண்டறிக்கை எழுதிய மாசானம், நடக்காத ஒன்றுக்கு எப்படி அறிக்கை எழுதுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு தெரிந்ததைச் செய்தார். துண்டை உதறி நடுரோட்டில் விரித்து உட்கார்ந்தார். அவர் பின்னால் ஊர் உட்கார்ந்தது. ஆம்புலன்ஸ் முன்னால், ஜீப் பின்னால். ஜெபக்கனி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, எடுக்கவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் இருந்தான்.

கள்ளிமேட்டூர் மறியலுக்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவரே மாசானம்தான். கலெக்டர் வந்தாலும் எழக் கூடாது, மந்திரி வந்தாலும் எழக் கூடாது, தடியடி வந்தாலும் எழக் கூடாது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் அந்தக் கணமே எழுந்து வழிவிட வேண்டும். ரயில்வே கேட்டில் தம்பியைப் பறிகொடுத்தவன் போட்ட சட்டம். பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் மறியலுக்கு வருவதற்கு முன்பே அது அவர்கள் காலில் ஏறியிருந்தது.

"சைரனைப் போடுப்பா," என்றார் ஜீப்பிலிருந்த திருவேங்கடம், வேறு எண்ணம் எதுவும் இல்லாமல்.

ஜெபக்கனி போட்டான். ஊர் முழுக்க ஒரே ஆளாக எழுந்தது. சேலையை வாரிக்கொண்டு, துண்டை உருவிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டாகப் பிளந்து இரண்டு ஓரமும் ஒதுங்கியது. நடுவில் நின்று இரண்டு கையையும் வீசி, "வழி விடுங்க! வழி விடுங்க! ஏல, சைக்கிளை எடு!" என்று கத்திக்கொண்டிருந்தவர் மாசானம். வண்டி போனது. பின்னாலேயே ஜீப் போனது. இரண்டும் தாண்டிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அண்ணாச்சி," என்றான் இசக்கி மெதுவாக, "நாம மறிக்கத்தான வந்தோம்?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவளே வாயைப் பொத்திக்கொண்டாள். மாசானம் துண்டைத் தேடினார். அது ஜீப் சக்கரத்தடியில் போய் ரோட்டோடு ஒட்டிக் கிடந்தது.

அப்போது புளியமரத்தடியில் ஆம்புலன்ஸ் நின்றது. ஜீப்பும் நின்றது. ஜெபக்கனி போனைக் காதில் வைத்தபடியே இறங்கி, ஜீப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஊரை நோக்கி ஓடிவந்தான்.

"அண்ணாச்சி... போனு வந்துச்சு. அந்த ஆபீசர் விழுந்துட்டாராம்."

எல்லோரும் ஜீப்பைப் பார்த்தார்கள். திருவேங்கடம் உள்ளே உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டி ஏன் நின்றது என்று தன் டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு போன் போட்டா?" என்றார் மாசானம்.

ஜெபக்கனி தலையைச் சொறிந்தான். "நீங்கதான்."

"நானா?"

"உங்க குரலு எனக்குத் தெரியாதா? 'ஆளு மூச்சு விடலவே, ஓடியாங்கவே'ன்னு. அழுதிய அண்ணாச்சி."

"பொய் சொல்லாதல."

"கர்த்தர் மேல சத்தியமா அழுதிய."

மாசானம் ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றுமே செய்ய வேண்டாம்; சும்மா நின்றால் போதும். ஜீப் கிளம்பும், ஏதோ ஒரு வளைவில் அந்த மனிதர் விழுவார், ஆம்புலன்ஸ் பக்கத்திலேயே இருக்கும், அவரை ஏற்றும், சைபர் ஒன்றாகும். இதைவிடப் பெரிய ஆதாரத்தை எந்தச் சங்கமும் எந்த ஊர்வலமும் கொண்டுவந்து கொடுக்க முடியாது. காப்பாற்றிவிட்டாலோ ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு ஆதாரம் கேட்பார்கள், வண்டி போய்விடும். அவரைச் சுற்றி நின்றவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. செல்லக்கிளி தங்கக்கண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆளு மூச்சு விடலவே. அந்தச் சொல் அவருக்குத் தெரியும். ஒருமுறைதான் வாயிலிருந்து வந்தது, மூடிய கேட்டுக்கு முன்னால், கேட்கிறதற்கு ஆளில்லாமல்.

"மெகருன்னிசா எங்க?" என்று கத்தினார். "என்னல பார்த்துக்கிட்டு நிக்கிய? ஓடுங்க!"

ஊர் ஓடியது. ஒரு வருடம் பழகிய கைகள் அல்லவா; திருவேங்கடம் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவரை ஜீப்பிலிருந்து இறக்கி, புளியமரத்து நிழலில் சாய்த்து உட்கார வைத்து, பெல்ட்டைத் தளர்த்தி, சட்டைப் பொத்தானைக் கழற்றி, அவர் தலைக்கு மேலிருந்த காய்ந்த கிளையை எதற்கும் இருக்கட்டும் என்று வெட்டிப் போட்டு, ஜீப் சாவியை எடுத்துவிட்டார்கள். இசக்கி கட்டுத்துணியோடு தயாராக நின்றான்.

"என்ன பண்றீங்க? எனக்கு ஒண்ணும் இல்லை!"

"இன்னும் இல்ல சார்," என்றாள் மெகருன்னிசா, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டே. "பேசாம இருங்க. இடது கை வலிக்கா?"

"காலைலேர்ந்து கொஞ்சம்... ஜீப்ல சாய்ஞ்சு உட்கார்ந்தது..."

இ.சி.ஜி. மெஷினிலிருந்து தாள் மெல்ல வெளியே வந்தது. மெகருன்னிசா அதைப் பார்த்தாள், அவர் நெற்றியில் பூத்திருந்த வேர்வையைப் பார்த்தாள், ஒரு மாத்திரையை வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னாள். "சார், பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போகணும். நம்ம வண்டியிலதான், ஆக்சிஜனோட. ஜீப் ஆவாது."

"எனக்கு இன்னும் எதுவும் ஆகலையேம்மா. விதிப்படி என்னை இதுல ஏத்தக் கூடாதே."

"அதத்தான ஐயா காலைலருந்து சொல்லுதோம்," என்றார் மாசானம்.

திருவேங்கடம் அவரை அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஏறினால், நடக்காத ஒன்றும் ஒரு கேஸ்தான் என்று அவரே சொன்னதாகும், ஏறாவிட்டால் நடந்துவிடும். அவர் கொஞ்ச நேரம் தன் துறையோடு நின்றார். பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு கையை நீட்டினார்.

"தூக்குங்க," என்றார்.

மாசானம் ஒரு பக்கம், தங்கக்கண் ஒரு பக்கம். ஸ்ட்ரெச்சர் ஏறியது, கதவு சாத்திக்கொண்டது, சைரன் ஒலித்தது, இந்தத் தடவை ஊர் வெட்கப்படாமல் வழிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே ரத்தக்குழாய் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஜீப்பிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். பொழுது சாய்வதற்குள் ஜெபக்கனி காலி வண்டியோடு திரும்பி வந்தான். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன சொன்னாரு? வண்டி?"

"'அங்கேயே நிக்கட்டும்'னாரு. மூக்குல குழாயோட சொன்னாரு, மேலிடத்துக்குப் போனும் போடச் சொல்லிட்டாரு. கணக்குல என்னன்னு எழுதன்னு கேட்டாங்க. 'ஆகுமுன்னே வந்தது'ன்னு எழுதுங்கன்னாரு."

டீக்கடையில் அன்றைக்குச் சர்க்கரை அதிகம் போட்டார்கள். மாசானத்துக்கு யாரும் மாலை போடவில்லை; மாசானமும் அதைக் கவனித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது மனைவி உலகம்மாள் முறத்தை மடியில் வைத்து பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஊரெல்லாம் சொல்லுதாவ. அந்த ஆபீசருக்காக நீங்க போன்ல அழுதியளாமே?"

மாசானம் அழுக்குத் துண்டைக் கொடியில் போட்டார்.

"எங்க அய்யா செத்ததுக்கு ஒரு சொட்டு விடல. கொள்ளி வைக்கப் போன எடத்துல நின்னு கூலி உயர்வு பேசினிய. யாரோ ஒரு ஆபீசருக்கு அழுகை வருதோ?"

"எவன் சொன்னான்?" என்று சீறினார் மாசானம். "நான் இன்னும் அழவே இல்ல."